வெள்ளையா, சிவப்பா, ரெண்டுமா?

வழிச்சோறு – 12
ஜனக்புரி, டெல்லி

மேற்கு டெல்லியில் பாஸ்தா கேட்டால் முதலில் நிறத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். "ரெட், வைட், மிக்ஸ்?" ரெட் என்றால் தக்காளி. வைட் என்றால் வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிளறியது. மிக்ஸ் என்றால் இரண்டையும் ஒரே வாணலியில் கொட்டி ரோஜா நிறமாக்கியது. ஏசி வைத்த கடையில் அதற்கே பிங்க் சாஸ் என்று பெயரும் முப்பது ரூபாய் கூடுதல் விலையும் உண்டு. எந்த வடிவப் பாஸ்தா வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பென்னே இருந்தால் பென்னே, தீர்ந்துவிட்டால் மக்ரோனி. இத்தாலிக்காரர்கள் எந்தக் குழம்புக்கு எந்த வடிவம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜனக்புரி அந்தச் சண்டையை ஒரே நாளில் தீர்த்துவைத்துவிடும்.

எனக்கு வேண்டியிருந்தது வெள்ளை. அதிலும் சீஸ் கரைந்த வெள்ளை: மக்ரோனி அண்ட் சீஸ். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது தயிர்சாதம். காய்ச்சல் என்றாலும் அதுதான், அம்மாவுக்குச் சமைக்க அலுப்பு என்றாலும் அதுதான், வீட்டைவிட்டுப் போய் விடுதியில் தங்கினால் ஏங்குவதும் அதற்குத்தான். இந்த வீட்டுச் சாப்பாட்டை மட்டுமே விற்கக் கடை திறக்கலாம் என்று அங்கே சிலருக்குத் தோன்றியிருக்கிறது. 2006-இல் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் சரிதா ஏக்யாவும் அவர் கணவர் சீசர் ஏக்யாவும் எஸ்மேக் என்றொரு கடையைத் தொடங்கினார்கள். 'சரிதாவின் மக்ரோனி அண்ட் சீஸ்' என்பதன் சுருக்கம் அது. இரும்புச் சட்டியில் வேகவைத்துச் சட்டியோடு கொடுப்பார்கள். பட்டியலில் மசாலா என்றும் ஒரு வகை.

இந்த மாதிரிக் கடைகளைத்தான் ஃபாஸ்ட் கேஷுவல் என்கிறார்கள். துரித உணவுக்கடை மாதிரி கவுண்டரில் நின்று சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். ஆனால் பண்டம் முன்கூட்டியே செய்து விளக்கின் சூட்டில் காத்துக் கிடக்காது. நீங்கள் சொன்ன பிறகு, உங்கள் கண்முன்னே, நீங்கள் சொன்ன சாமான்களைப் போட்டுச் செய்வார்கள். பரிமாற ஆள் வராது, விலை நடுவாந்திரம். டென்வர் நகரத்தில் 1993-இல் சிப்போட்லே, 1995-இல் நூடுல்ஸ் அண்ட் கம்பெனி என்று கொலராடோ மாநிலத்திலிருந்து கிளம்பிய பாணி இது. இரண்டாவதாகச் சொன்ன கடையில் அதிகம் பேசப்படுவது விஸ்கான்சின் மக்ரோனி அண்ட் சீஸ்தான்.

ஜனக்புரியில் மக்ரோனிக்கு மட்டுமே நேர்ந்துவிட்ட கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. இருப்பது பாஸ்தாக் கடை. சுவரில் எழுதிப்போட்ட பட்டியலில் ஐந்தாவதோ ஆறாவதோ வரியில் 'மேக் அண்ட் சீஸ்' என்று இருக்கும். அங்கே கூட்டிப்போனவன் ஜனக்புரியில் இருக்கும் என் அத்தையின் பேரன். ஒன்பதாம் வகுப்பு. "மாமா, அங்க ஒண்ணு இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது" என்று வீட்டிலேயே எச்சரித்துவிட்டான்.

கடைக்குள் போகும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சென்னையிலிருந்து வரும் விமானம் முதல் முனையத்தில் இறங்கினால், அங்கேயே பூமிக்கடியில் மெஜந்தா லைன் மெட்ரோ இருக்கிறது. கண்டோன்மென்ட், பாலம், தசரத்புரி, டாப்ரி மோட் தாண்டினால் ஜனக்புரி மேற்கு. 2018 மே மாதக் கடைசியில் இந்தப் பாதை திறந்தது. பாதாளத்திலிருந்து மேலே ஓடும் பழைய ப்ளூ லைனுக்கு மாற ஒரு நகரும் படிக்கட்டு. ஒரே மூச்சில் பதினைந்து மீட்டருக்கு மேல் ஏறுகிறது; திறந்த காலத்தில் நாட்டிலேயே உயரமானது என்று பெருமையாகச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அதில் ஏறியபடியே தூங்குகிறார்கள்.

டெல்லி வளர்ச்சி ஆணையம் எழுபதுகளில் மனை பிரித்த காலனி இது. ஏ, பி, சி, டி என்று பிளாக்குகள், அதற்குள் ஏ-1, சி-4 என்று உட்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்கா, ஒரு சந்தை. பக்கத்துத் திலக் நகர் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். ஜனக்புரியிலும் அந்தக் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் இங்கே கணிசமாக உண்டு. இருபதுகளில் மதராசி கல்விச் சங்கமாகத் தொடங்கிய இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில்தான். அத்தை மகள் அங்கே படித்தவள். அவள் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகிறான். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

அத்தைக்கு டெல்லி என்றால் முதலில் பால்தான் நினைவுக்கு வரும். கல்யாணமாகி வந்த புதிதில், 1974-இல் தொடங்கிய மதர் டெய்ரியின் பூத்துகள் ஒவ்வொரு காலனியாகத் திறந்துகொண்டிருந்த காலம். டோக்கனைப் போட்டுவிட்டுத் தூக்கைக் குழாயடியில் வைத்தால் அளந்து ஊற்றும். "மதுரைல பால்காரனோட சண்டை போட்டுட்டு இங்க வந்தா மெஷினோட யாருடா சண்டை போடறது?" என்பார். இந்த ஊரைச் சுற்றியிருக்கும் ஹரியானாவும் பஞ்சாபும் எருமை மாநிலங்கள். பால் கெட்டி, ஏடு கெட்டி, தயிர் கத்தியால் வெட்டலாம். குழம்பில் முந்திரியும் பாலேடும் அரைத்து ஊற்றி வெள்ளையாக்கி அதற்கு மலாய் என்றோ ஆப்கானி என்றோ பெயர் வைப்பது பஞ்சாபிச் சமையலின் பழைய வழக்கம். மாலையில் சந்தைப் பக்கம் போனால் சோயா சாப்பை மலாயில் தோய்த்து அடுக்கிவைத்திருப்பார்கள். இனிப்பில்லாத, உப்புப் போட்ட, கெட்டிப் பால் குழம்பு என்பது தமிழ் நாக்குக்குத்தான் விநோதம். டெல்லி நாக்குக்கு வைட் சாஸ் தூரத்து உறவு.

மேல்நாட்டுச் சாப்பாட்டுக்கும் இந்த ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. கன்னாட் பிளேஸின் நிரூலாஸ், 1934-இல் ஓட்டலாகத் தொடங்கியது, 1977-இல் துரித உணவுக்கடை திறந்துவிட்டது. மெக்டொனால்ட்ஸ் வசந்த் விஹாருக்கு வந்தது 1996-இல். நடுவில் கிட்டத்தட்ட இருபது வருஷம் டெல்லிப் பிள்ளைகளுக்குப் பீட்சாவும் பர்கரும் என்றால் நிரூலாஸ்தான். நல்ல மார்க் வாங்கிய ரிப்போர்ட் கார்டைக் காட்டினால் இலவச ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். அத்தை மகள் வாங்கியிருக்கிறாள். தன் பிள்ளைக்கு முன்னால் அதை அடிக்கடி சொல்லவும் செய்கிறாள்.

சரி, கடை. டிஸ்ட்ரிக்ட் சென்டர் பக்கம், அலுவலகக் கட்டடங்களின் தரைத்தளத்தில், பத்துப் பேர் உட்காரலாம், இருபது பேர் நிற்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் நாலு எரிவாயு அடுப்பு, நாலு நான்ஸ்டிக் வாணலி. அடுப்படியில் உத்தராகண்ட் பக்கத்து இளைஞர். காலையிலேயே வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவைத்த மக்ரோனி ஒரு பெரிய எஃகுப் பாத்திரத்தில். குடைமிளகாய், சோளம், ஆலிவ், காளான், பனீர் எல்லாம் குட்டிக் குட்டித் தட்டுகளில். கவுண்டரில் காசு கட்டினால் சீட்டு. சீட்டை அடுப்புக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் எதிரிலேயே நிற்க வேண்டும். நிற்பது கட்டாயமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மேசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

வந்த தட்டைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வெள்ளைச் சாஸில் மக்ரோனி. சாஸில் மைதா தூக்கல், வாயில் ஒட்டுகிறது. ஓரிகானோவும் மிளகாய்த் துகளும் தாராளம். சோளமும் குடைமிளகாயும் கேட்காமலே. சீஸ்? மேலே வெள்ளைத் துருவலாக, இன்னும் உருகாமல், குல்லாய் வைத்த மாதிரி. சாப்பிட முடியாத பண்டம் என்று சொல்ல மாட்டேன். பசியோடு போனவன் முழுசாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் இதில் சீஸை எடுத்துவிட்டாலும் தட்டில் ஒன்றும் மாறியிருக்காது. மக்ரோனி அண்ட் சீஸ் என்பதில் மக்ரோனி துணைப் பாத்திரம்தான். சீஸ் சாஸாகி, குழாய் போன்ற மக்ரோனியின் உள்ளேயும் புகுந்து நிற்க வேண்டும். வளைந்த குழாய் வடிவத்துக்கே அதுதான் வேலை.

இது நடப்பதற்குச் சீஸ் வகை தெரிய வேண்டும். செடார் மாதிரி முதிர்ந்த சீஸை நேரே சூடுபடுத்தினால் புரதம் ஒருபக்கம் திரண்டு ரப்பராகும், கொழுப்பு மறுபக்கம் எண்ணெயாகப் பிரியும். அதனால்தான் மேல்நாட்டு வீடுகளில் முதலில் மைதா, வெண்ணெய், பால் சேர்த்து வெள்ளைச் சாஸ் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத் துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். மாவுச்சத்து இடையில் நின்று புரதங்களைக் கூட்டணி சேரவிடாமல் தடுக்கும். ஆனால் நம் ஊரில் கட்டியாகவும் டப்பாவிலும் பெரும்பாலும் கிடைப்பது ப்ராசெஸ்டு சீஸ். சீஸோடு சிட்ரேட், பாஸ்பேட் உப்புகளைச் சேர்த்து உருக்கி மறுபடி வார்த்தது. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். 1916-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உப்பு புரதத்தையும் கொழுப்பையும் பிரியவிடாது. சூடான பாலில் துருவிப் போட்டுக் கிளறினால் போதும், அதுவே சாஸ். மைதா ஒரு சிட்டிகைகூட வேண்டியதில்லை! வேலையைச் சுலபமாக்கும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மேலே தூவிவிட்டு, உள்ளே மைதாவைக் கொட்டுகிறார்கள். காரணம் விலை. சீஸ் விலையில் மைதா பத்தில் ஒரு பங்குகூட இராது. இன்னொரு காரணம் கைபேசி. தட்டின்மேல் சீஸ் தெரிந்தால்தான் படம் எடுப்பார்கள். கரைந்துபோன சீஸுக்கு விளம்பரம் இல்லை.

அடுத்த தட்டுக்குப் பையன் பொறுப்பேற்றான். அடுப்புக்கு எதிரே போய் நின்று இந்தியில் ஆரம்பித்தான். "பய்யா, ஓரிகானோ வேண்டாம். சில்லி ஃப்ளேக்ஸ் வேண்டாம். காய் எதுவும் வேண்டாம். வைட் சாஸ் ஒரு கரண்டி மட்டும், மிச்சம் பால். சீஸ் மேல போடாதீங்க, உள்ளே போடுங்க, ரெண்டு பங்கு. அடுப்பைச் சின்னதா வைங்க. இவர் மதராஸ்லேர்ந்து வந்திருக்கார், கொஞ்சம் மிளகு." நான் மதுரை என்று திருத்தவில்லை. இவ்வளவு கட்டளைகளைக் கேட்டால் நம் ஊர் மாஸ்டர் கரண்டியைக் கையில் கொடுத்து "நீயே பண்ணிக்கோ" என்றிருப்பார். இவரோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஒரு கரண்டி எடுத்து நீட்டி, "இந்தப் பதம் போதுமா?" என்று கேட்கவும் செய்தார். கூடுதல் சீஸுக்கு மட்டும் காசு.

அது மக்ரோனி அண்ட் சீஸ்தான். எருமைப்பால் சீஸ் ஆதலால் அமெரிக்கப் படங்களில் வரும் மஞ்சள் இல்லை. பசும்பாலுக்கு மஞ்சள் கொடுக்கும் கரோட்டின் எருமைப்பாலில் இருப்பதில்லை. பாலின் இனிப்பு, சீஸின் உப்பு, மிளகு, வேறு எதுவும் குறுக்கே இல்லை. சூடு குறைந்தபோதும் பிரியவில்லை. குழாய்க்குள் சாஸ் இருந்தது. மக்ரோனி மட்டும் கொஞ்சம் குழைவு. காலையில் வெந்ததை மாலையில் மறுபடி சூடாக்கினால் அப்படித்தான் ஆகும். அதற்குப் பையனின் அதிகாரம் எட்டவில்லை.

அமெரிக்கா கொலராடோவிலிருந்து கிளப்பிய பாணி என்று மேலே எழுதினேன் அல்லவா, ஜனக்புரி அதை யாரிடமிருந்தும் கற்கவில்லை. திலக் நகர்ச் சந்தையில் சாட் வண்டி முன்னால் நின்று பாருங்கள். வாடிக்கையாளர் வண்டிக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். தயிர் கூட, இனிப்புச் சட்னி குறைவு, பச்சைச் சட்னி இன்னும் கொஞ்சம், வெங்காயம் வேண்டாம், பப்டி நொறுங்கக் கூடாது, கடைசியில் சூக்கா, அதாவது தண்ணீர் ஊற்றாத பூரி, ஒன்று. கோல்கப்பாவில் ஒவ்வொரு பூரிக்கும் தனி உத்தரவு. கண்முன் செய்வது, சொன்னபடி செய்வது, நின்று வாங்கிப் போவது, மூன்றும் அங்கே உண்டு. அதே மக்கள் பாஸ்தாக் கடைக்கு வந்து அதே மாதிரி நடந்துகொள்கிறார்கள். கடையும் அதற்கேற்ற மாதிரி அடுப்பைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்திருக்கிறது. அந்த முதல் தட்டு, சாட் வண்டியில் ஒன்றுமே சொல்லாமல் நின்றவனுக்குக் கிடைப்பது. சொல்லாவிட்டால் எல்லாம் போட்டுத்தான் வரும்.

நம் பக்கம் ஓட்டல் என்றால் அடுக்களை சுவருக்குப் பின்னால். முறுகல் தோசை கேட்போம், நெய் கூட ஊற்றச் சொல்வோம், காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்போம். சாம்பாரில் புளி எவ்வளவு என்பதில் யாரும் கைவைப்பதில்லை. அது மாஸ்டரின் ராஜ்யம். பிடிக்கவில்லையென்றால் கடையை மாற்றுவோமே தவிரச் சாம்பாரை மாற்றச் சொல்லமாட்டோம். பரோட்டாக் கடைக் கொத்துக்கல் முன்னால் மட்டும் கொஞ்சம் வாய் திறப்போம்: "அண்ணே, வெங்காயம் தூக்கலா." மற்றபடி ருசிக்கு அதிகாரம் சமைப்பவருடையது என்று ஒப்புக்கொண்ட சமூகம் நாம். எது உயர்வு என்று எனக்குச் சண்டையில்லை. ஆனால் சென்னையில் திறக்கும் இதே பாணிக் கடைகளில் வாடிக்கையாளர்கள் பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். அவர்களுக்கு முன்னால் அடுப்பு எரிவது வேடிக்கைதான்.

வீட்டு மக்ரோனி வேறு கதை. அத்தை வீட்டில், ஏன் டெல்லியில் பெரும்பாலான வீடுகளில், மக்ரோனி என்றால் வெங்காயம், தக்காளி, பட்டாணி, கரம் மசாலா, மேலே கொத்தமல்லி. பள்ளிக்கூட டிபன் டப்பாவில் போவது அதுதான். மேகி நூடுல்ஸ் எண்பதுகளில் வந்து, கோதுமையைக் காரமாகச் சாப்பிடலாம் என்று பிள்ளைகளைப் பழக்கிவைத்தது. மக்ரோனி அந்தப் பாதையில் சுலபமாக நுழைந்தது. அத்தை அதிலேயே கடுகு, கறிவேப்பிலை தாளித்து அதை உப்புமாவின் எல்லைக்குள் கொண்டுவந்திருக்கிறார். அவரிடம் கடைத் தட்டைப் பற்றிச் சொன்னேன். "சீஸ் அவ்வளவு விலைன்னா பனீரைப் போட்டு உருக்க வேண்டியதுதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. பனீர் உருகவே உருகாது. கொதித்த பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தது அது. பாலைக் கொதிக்கவைத்ததில் மோர்ப்புரதங்களும் கேசினோடு ஒட்டிக்கொண்டன. புளிப்பு, கேசினைக் கட்டியிருந்த கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வெளியேறிவிட்டது. அதன்பின் சூடுபடுத்தினால் அது இறுகுமே தவிர இளகாது. அதனால்தான் எண்ணெயில் போட்டாலும் சதுரம் சதுரமாகவே இருக்கிறது. சீஸில் நொதி கொண்டு உறையவைப்பதால் கால்சியம் தங்கிவிடுகிறது, சூட்டில் பிடி தளர்ந்து வழிகிறது. அத்தை முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப உருகற பனீர்னு ஒருத்தன் வித்தா அவன் பொய் சொல்றான்" என்றார். அதற்குமேல் யாராலும் விளக்க முடியாது.

இந்தப் பண்டம் தமிழ்நாட்டுக்கு அப்படியொன்றும் புதியதில்லை. மதராஸ் ராணுவ அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் வெளியிட்ட 'குலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' 1878-இல் ஹிக்கின்பாதம்ஸில் அச்சானது. முட்டை, மக்ரோனி, சீஸ் மூன்றையும் சேர்த்து அதில் ஒரு அத்தியாயமே உண்டு. தஞ்சாவூர்ச் சமையற்காரர்களோ வேலூர்க்காரர்களோ துரை வீட்டு அடுக்களையில் இதைக் கிண்டியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கிளப்புகளின் உணவுப் பட்டியலைத் தாண்டி அது வெளியே வரவும் இல்லை. அடுக்களையில் நின்றவர் பெயர் விட்டுப்போவது அமெரிக்காவிலும் நடந்ததுதான். மக்ரோனி-சீஸை அங்கே கொண்டுவந்தவர் தாமஸ் ஜெபர்சன் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1802-இல் அவர் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனிப் பண்டம் பரிமாறியதும், அதை ஒரு விருந்தாளி முகம் சுளித்துக் குறித்துவைத்ததும் உண்மை. ஆனால் பாரிஸில் பிரெஞ்சுச் சமையல் கற்று அமெரிக்க அடுக்களைக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ், ஜெபர்சனின் அடிமை. 1784-இல் ஜெபர்சன்தான் அவரைப் பாரிஸுக்குக் கூட்டிப்போனார். தன் தம்பி பீட்டருக்குச் சமையலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் விடுதலை என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பிறகுதான் 1796-இல் ஹெமிங்ஸ் விடுதலையானார். ஐந்தே வருஷத்தில் இறந்தும் போனார். கறுப்பின மக்களின் விருந்துகளில் இன்றைக்கும் மக்ரோனி-சீஸுக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. அதை யார் செய்வது என்பதில் குடும்பத்துக்குள் போட்டியே நடக்கும்.

வீட்டுக்கு வீடு அதைக் கொண்டுபோனது பெட்டி. பொருளாதார மந்தக் காலமான 1937-இல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் பொடியையும் ஒரே பெட்டியில் வைத்து 19 செண்டுக்கு விற்றது, நாலு பேர் சாப்பிடலாம் என்று. முதல் வருஷமே 80 லட்சம் பெட்டி. அதன் பளீர் ஆரஞ்சு நிறத்துக்குச் செயற்கைச் சாயம் போட்டுவந்தவர்கள், 2015 டிசம்பரில் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டு மிளகாய்வகைப் பொடி, அன்னாட்டோ விதை, கூடவே நம் மஞ்சள்தூள் ஆகியவற்றுக்கு மாறினார்கள். மாறியாகிவிட்டது என்று ஐந்து கோடிப் பெட்டி விற்றுத் தீரும்வரை வெளியில் சொல்லவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அதையே விளம்பரமும் ஆக்கினார்கள். அத்தை தாளித்த மக்ரோனியில் மஞ்சள்தூள் போட்டதைப் பார்த்துச் சிரித்த பேரன் இந்தச் செய்தியைக் கேட்டதும் கைபேசியில் சரிபார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினான்.

மக்ரோனியின் குழைவைப் பற்றிச் சொன்னேனே, அதில் கோதுமைக்கும் பங்குண்டு. காய்ந்த பாஸ்தாவை டூரம் என்ற கெட்டிக் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-இல் சட்டமே போட்டது. சாதாரணக் கோதுமையில் செய்தால் வெந்ததும் விறைப்பு போய்விடும். டூரம் நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் விளைகிறது. அதன் மூதாதையான எம்மர் கோதுமை, வடக்கே கப்ளி, தமிழ்நாட்டில் சம்பா கோதுமை. நீலகிரி வெலிங்டனில் இருக்கும் கோதுமை ஆராய்ச்சி நிலையம் அதற்கு மேம்பட்ட ரகமும் வெளியிட்டிருக்கிறது. சம்பா ரவையில் யாராவது மக்ரோனி பிழிந்து, ஆரோவில்லிலோ கொடைக்கானலிலோ செய்யும் சீஸைச் சேர்த்து, காந்திபுரத்திலோ தல்லாகுளத்திலோ கவுண்டர் போட்டால் முதல் சீட்டு எனக்கு. அடுப்புக்கு எதிரிலேயே நிற்பேன்.

ஜனக்புரிப் பக்கம் போகிறவர்களுக்கு: டிஸ்ட்ரிக்ட் சென்டரைச் சுற்றிப் பாஸ்தாக் கடைகள் மதியத்திலிருந்தே திறந்திருக்கும். ஆனால் மக்ரோனி புதிதாக வெந்திருக்கும் நேரம் கடை திறந்த முதல் ஒரு மணிதான். மாலைக் கூட்டத்தில் நீங்கள் சொல்வது அடுப்புச் சத்தத்தில் கேட்காது. சீட்டு வாங்கும்போதே கூடுதல் சீஸுக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு அடுப்பு முன்னால் நின்று, சீஸ் "அந்தர், ஊப்பர் நஹி" என்று சொல்லுங்கள். ஓரிகானோ பொட்டலம் எப்படியும் தனியாகக் கையில் திணிக்கப்படும். வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் வருத்தப்படுகிறார்கள்.

அடுத்த வாரம்: திலக் நகர், சோயா சாப்.